பட்டாபட்டிக்குள் அடங்கும் துப்பாக்கி

இடிக்குதுங்களா? கொஞ்சம் சன்னல் பக்கமா நகந்து உக்காந்துக்கோங்க. அது போனு இல்லீங்க. மூக்குக்கண்ணாடிக் கூடும் இல்லீங்க. சொன்னா எந்திரிச்சுப் போயிருவீங்கன்னுதான் வாயத் தொறக்காம வந்தேன். கேட்டுப்போட்டீங்க, இனிச் சொல்லாம இருந்தா மரியாதையா இருக்காது. துப்பாக்கிங்க.

உக்காருங்க, உக்காருங்க. உங்களுக்காக இல்லீங்க அது. பாக்கெட்டுல இருக்குது, பொத்தான் போட்டிருக்குது, தானா வெளிய வராது. என்னாலயே எடுக்க முடியறதில்ல, அந்தக் கதையத்தான் சொல்ல வரேன்.

பஸ்ஸு பூராக் காலியாக் கெடக்குது, இந்தாளு எதுக்கு நம்ம மேல ஒட்டிக்கிட்டு உக்காரறாருன்னு நெனைப்பீங்க. பேச்சுத் தொணைக்குத்தானுங்க. தனியா வந்தா எனக்குப் பொழுது போகாது. வேற ஒண்ணுமில்ல.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. காங்கேயத்துல தேங்காக் களம் வெச்சிருக்கறேன். தேங்காய ஒடச்சுக் காயப்போட்டு, கொப்பரையாக்கி மில்லுக்குப் போடற சோலி. காரு இருக்குது. ஓட்டறதுக்குத்தான் ஆளில்ல. நம்ம டிரைவர் குப்புராஜு போன மாசம் நின்னுட்டான். 'ஐயா, நீங்க பின்னால உக்காந்து நெளியறப்பெல்லாம் எனக்கு முதுகு கூசுதுங்க'ன்னான். இடுப்புல இரும்பு குத்துனா மனுசன் நெளியாம என்ன பண்ணுவான், சொல்லுங்க.

நான் எறங்க வேண்டியது புங்கமரத்துப் பிரிவுல. வெள்ளக்கோயிலுக்கு முன்னாடி. அங்கதான் எங்க மாப்ளை ஈஸ்வரமூர்த்தி இருக்கறாரு. மாப்ளைன்னா எங்கூட்டுக்காரி மயிலாத்தாவுக்குக் கூடப்பொறந்த தம்பிங்க. எனக்கு ஒரே புள்ள, மோகனப்பிரியா. வைகாசில அவளுக்குக் கண்ணாலம். இந்த மஞ்சப்பையில பத்திரிக்கை, வெத்தலை, பாக்கு, பழம் எல்லாம் இருக்குது. தாய்மாமன் நெத்தியில பட்டங் கட்டி, கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் புள்ள மணவறை ஏறுவா. எங்க மொறை அது. மாமன் என்னடான்னா, வரமாட்டேன்னு போனையும் எடுக்காம உக்காந்துக்கிட்டாரு. புள்ள சொல்லிப்போட்டா, மாமன் வராத கண்ணாலம் எனக்கு வேண்டாமுன்னு. ஊட்டுக்காரி அதுக்கும் மேல. 'எந்தம்பியக் கூப்புட்டுக்கிட்டு வாங்க, இல்லாட்டி நீங்களும் வர வேண்டாம்'னுட்டா. இன்னைக்குக் காத்தால சொன்னா. காப்பியும் குடுக்கலீங்க.

எல்லாம் ஒரு பந்தியில ஆரம்பிச்சதுங்க.

எங்க பங்காளி ஊட்டுல காதுகுத்து. எல போட்டு உக்காந்திருக்கறோம். மாப்ளை எனக்கு எதுத்த வரிசை. ரசம் ஊத்திக்கிட்டு வராங்க. அப்ப யாரோ, களத்துல கொப்பரை திருட்டுப் போகுதாமேன்னு பேச்சு எடுத்தாங்க. இந்த மனுசன் வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கலாமில்லீங்க? 'எங்க மச்சான் களத்துல எவன் வேணாலும் திருடலாமுங்க. அவரு ராத்திரி ஒண்ணுக்குப் போகோணுமுன்னாக்கூட எங்கக்காளத் தொணைக்கு எழுப்புவாரு'ன்னு சொல்லிப்போட்டாரு. பந்தி பூராச் சிரிக்குது. ரசம் ஊத்தறவன் சிரிச்சு என்ற எலையில பாதி, வேட்டியில பாதி ஊத்தறான்.

எனக்குப் பயமெல்லாம் கெடையாதுங்க. எங்கூடு தோட்டத்துக்குள்ள இருக்குது, பாம்பு நடமாடற எடம், ஒருத்தர் டார்ச்சு அடிச்சா ஒருத்தர் போகலாம். அதுக்குத்தான் எழுப்பறது. இத அந்தப் பந்தியில எந்திரிச்சு நின்னு வெளக்கிச் சொன்னா நல்லாவா இருக்கும்?

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். துப்பாக்கி.

லைசென்சு சும்மா தர மாட்டாங்க, தெரியுங்களா? உசுருக்கு ஆபத்து இருக்கோணும். இன்ஸ்பெக்டர் கூப்புட்டு உக்கார வெச்சு, 'யாரால ஆபத்து?'ன்னு கேட்டாரு. எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது, ஊர்ல எனக்கு எதிரின்னு ஒருத்தன் கெடையாது. யோசிச்சுப் பாத்தேன். மில்லுக்காரன் பேரச் சொன்னா சரக்கு எடுக்க மாட்டான். பக்கத்துத் தோட்டத்துக்காரன் பேரச் சொன்னா வண்டித் தடத்த மறிச்சுப்போடுவான். பேரச் சொன்னாலும் கோவிச்சுக்காத ஆளு ஒருத்தர்தான். மச்சினன் ஈஸ்வரமூர்த்தின்னு சொல்லீட்டேன்.

அவருகிட்ட விசாரிக்கப் போனாங்க. அங்க என்ன நடந்துச்சுன்னு ஸ்டேசன் ரைட்டர் எனக்குச் சொன்னாரு. மாப்ளை மொதல்ல முழிச்சாராமா. அப்பறம் ஒரு சொம்புத் தண்ணி குடிச்சாராமா. குடிச்சுப்போட்டு, 'ஆமாங்க சார், எனக்கும் அவருக்கும் ஆகாது. எனக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. அவருக்குக் கண்டிப்பாத் துப்பாக்கி குடுத்துருங்க'ன்னாராமா. கேட்டவங்களுக்கே சந்தேகம். 'ஏப்பா, இப்படிச் சொன்னா உம்மேலதான கண்ணு வெப்போம்'னு சொல்லியும், 'பரவால்லீங்க சார், வெச்சுக்கோங்க'ன்னு கையெழுத்துப் போட்டாராமா. அன்னைக்குச் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி, 'மச்சான், சொல்லீட்டேன். இனி உங்களுக்குக் கெடச்சுரும்'னு சிரிக்கறாருங்க.

நல்லா யோசனை பண்ணிப் பாருங்க. அதுவரைக்கும் எனக்கு அவரு மேல ஒரு பயமும் இல்ல. போலீசுகிட்டயே ஒத்துக்கிட்டப்பறம் எப்படிங்க பயப்படாம இருக்கறது? சர்க்காரு விசாரணை பண்ணி, ஆமா, இந்தாளால அந்தாளுக்கு ஆபத்துதான்னு தீர்மானிச்சுத்தான லைசென்சு குடுத்துருக்குது. அதுலயும் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. அன்னையிலிருந்து ராத்திரி நாய் கொரைச்சாக்கூட, மாப்ளை வந்துட்டாரோன்னு தோணும். அவரு எனக்காகத்தான் அப்படிச் சொன்னாருன்னு மயிலாத்தா சொல்லுவா. கூடப்பொறந்தவ, வேற எப்படிப் பேசுவா?

கோயமுத்தூர்ல கடை. போறப்பவே நான் ஒரு பையில பட்டாபட்டி டவுசர் ரெண்டு எடுத்துக்கிட்டுப் போனேன். ஏன்னு கேளுங்க. நான் வேட்டி கட்டற ஆளு. என்ற கண்ணாலத்துக்கே பேண்டு போட்டதில்ல. எனக்கு எதுன்னாலும் டவுசர் பாக்கெட்டுலதான். அதுக்குள்ள அடங்குனாத்தான் துப்பாக்கி, அடங்காட்டி அது வெறும் இரும்பு. கடைக்காரரு வயசானவரு, தன்மையாப் பேசுவாரு. டவுசர மேசை மேல எடுத்து வெச்சதும் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுப் போட்டுக்கிட்டாரு. 'அளவுக்குத் தோலுறை கொண்டாருவாங்க, பெல்ட்டு கொண்டாருவாங்க. டவுசரோட வந்த மொத ஆளு நீங்கதானுங்க'ன்னாரு.

மொதல்ல ரிவால்வர் எடுத்துக் காட்டுனாரு. நடுவுல உருளையா இருக்குமே, தோட்டா சுத்தி நிக்குமே, அது. 'இது அடம் புடிக்காதுங்க. பெட்டியில கெடந்தாலும் எடுத்த நிமிசத்துல வேலை செய்யும். நம்பி வாங்கலாம்'னாரு. நல்ல சாமான்தான். டவுசர்ல போட்டுப் பாத்தேன். உருளை தொடையில முட்டுது. நடந்தா, காலு ஒரு பக்கமாப் போகுது, நான் ஒரு பக்கமாப் போறேன்.

அப்பறம் பிஸ்டல். தட்டையா வெத்தலப்பெட்டியாட்ட. ஆறேழு தினுசு எடுத்துப் போட்டாரு. கையில புடிச்சுப் பாருங்க, வெரல் வெச்சு இழுக்கற குதிரையத் தொட்டுப் பாருங்க, திருப்பி வெச்சா எங்க குத்துதுன்னு பாருங்கன்னு பொறுமையாச் சொன்னாரு. நான் ஒவ்வொண்ணா டவுசர்ல போட்டு, மேல வேட்டியக் கட்டி, கடைக்குள்ள இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கறேன். அவரும், ஏர்கன் வாங்க வந்த ரெண்டு பேரும் நின்னு பாக்கறாங்க.

'தெரியுதுங்களா?'ன்னு கேட்டேன்.

'சுத்தமாத் தெரியலீங்க. உள்ள ஒரு பொருள் இருக்குதுன்னே சொல்ல முடியாது'ன்னாரு.

'கொஞ்சங்கூடவா தெரியல?'

'கொஞ்சங்கூட இல்லீங்க.'

'அப்ப இது வேண்டாம்'னேன்.

அந்தாளு என்னையே பாக்கறாரு. 'மறைச்சு வெக்கறதுக்குத்தான கேட்டீங்க?' ங்கறாரு. ஆமாங்க, மறைச்சுத்தான் வெக்கோணும். ஆனா மறைச்சு வெச்சிருக்கறேன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமுங்களா? எங்க பங்காளிக பாத்து, நாச்சிமுத்து இடுப்புல என்னமோ பொடைச்சாப்பல இருக்குதேன்னு தமக்குள்ள பேசிக்கோணும். பேசிக்கிட்டே கொஞ்சம் தள்ளி உக்காரோணும். அந்த அளவுக்குத் தெரிஞ்சாப் போதும். இத எடுத்துச் சொன்னதும் அந்த மனுசன் ஒரு பெருமூச்சு உட்டுப்போட்டு, உள்ள போயி வேறொண்ணு கொண்டாந்தாரு. அது கச்சிதம். லேசா ஒரு மேடு தெரிஞ்சுது. அதையே எடுத்துக்கிட்டேன்.

ஊருக்கு வந்து டெய்லர்கிட்டக் குடுத்து, டவுசர் பாக்கெட்ட ஆழமாக்கி, தடிச்ச துணி குடுத்து, வாய்க்கு ஒரு பொத்தான் வெக்கச் சொன்னேன். கோட்டுப் பொத்தான், பெருசு. களத்துல குனிஞ்சு நிமுந்தா விழுந்துருமில்ல? புத்திசாலித்தனமான வேலைதான் அது. இன்னைக்கும் நான் அந்தப் பொத்தானக் கொறை சொல்ல மாட்டேன்.

எடுத்துப் பழகோணுமில்லீங்க? பீரோக் கண்ணாடி முன்னால நின்னு பழகுவேன். இடது கையில வேட்டியத் தூக்கோணும், வலது கையில பொத்தானக் கழட்டோணும், உள்ள உட்டு உருவி நீட்டோணும். ஒரு நா மயிலாத்தா உள்ள வந்துட்டா. கொஞ்ச நேரம் நின்னு பாத்தா. 'கதவச் சாத்திக்கிட்டாச்சும் பண்ணுங்க, களத்துல பொம்பளையாளுக இருக்கறாங்க'ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டா.

ஆயுத பூசை வந்துச்சு. அருவாமனை, தேங்கா உறிக்கற கம்பி, தராசு, அதோட இதையும் வரிசையா வெச்சோம். எல்லாத்துக்கும் சந்தனம் வெச்ச மயிலாத்தா இதுக்கும் வெச்சா. இதுக்குக் கொஞ்சம் பிரியமா வெச்சுட்டா போலிருக்குது, ஓட்டைக்குள்ள எறங்கிக் காஞ்சு போச்சு. திரும்பக் கோயமுத்தூருக்கே தூக்கிக்கிட்டு ஓடுனேன். கடைக்காரரு குச்சியில தொடச்சுக்கிட்டே சொன்னாரு, 'குங்குமமாவது பரவால்லீங்க, சந்தனந்தான் சிரமம்.' அப்ப நான் மட்டும் இல்ல, நெறையப் பேரு இப்படித்தான் பண்றாங்கன்னு தெரிஞ்சு எனக்கு ஒரு நிம்மதி.

ஒண்ணு மட்டும் நெசமுங்க. துப்பாக்கி வந்ததிலிருந்து சனங்க தள்ளித்தான் உக்காந்தாங்க. ரொம்பவே தள்ளி. சீட்டு வெளையாட்டுக்கு என்னையக் கூப்புடறதில்ல, தோத்தா எடுத்துருவேனோன்னு. சவரக்கடைக்காரரு என்ற கன்னத்துல கத்தி வெச்சா அவரு கைதான் நடுங்குது. நான் கேட்டது அதானே, கெடச்சுது. ஆனா மாப்ளை மட்டும் எப்பவும்போலப் பக்கத்துல வந்து உக்காருவாரு. தொடையத் தட்டிப் பாத்து, 'என்ன மச்சான், இன்னைக்குத் தூங்கறானா?'ன்னு கேப்பாரு. பயமில்லாதவன நெனச்சாத்தானுங்க பயமா இருக்கும்.

இனித்தான் முக்கியமான விசயம்.

சித்திரையில மாப்ளை புது ஊடு கட்டிப் பால் காச்சுனாரு. நல்ல ஊடு. ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தன பேரும் வந்திருக்கறாங்க. வீடியோக்காரன் வேற. நான் கூடத்துல நடுவுல நிக்கறேன். உள் ரூமுலிருந்து மாப்ளை வராரு. வலது கைய முதுகுக்குப் பின்னால வெச்சிருக்கறாரு. சிரிக்கறாரு. 'மச்சான், அப்படியே நில்லுங்க. நகராதீங்க'ன்னாரு. சுத்தி இருந்த சனமெல்லாம் ஒதுங்கி வழி உடறாங்க. எனக்குக் காது அடைச்சுக்கிச்சு. போலீசுகிட்டச் சொன்னது ஞாபகத்துக்கு வந்துச்சு, கோவம் வந்தா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது.

என்ற கை தானாப் போயிருச்சுங்க. பழகுன கை. வேட்டியத் தூக்கீட்டேன்.

நீங்க சிரிக்கறீங்க. நடுக்கூடத்துல, பூசை போட்ட ஊட்டுல, ஐயரு இன்னும் எந்திரிக்கல, பொம்பளைங்க தட்டத்தோட நிக்கறாங்க, நான் மச்சினனப் பாத்து வேட்டியத் தூக்கறேன். சட்டுனு எடுத்திருந்தாக்கூடப் பரவால்ல, ஓ துப்பாக்கி எடுக்கறான்னு வெளங்கியிருக்கும். பொத்தான் வரலீங்க. பீரோ முன்னால அத்தன தடவ வந்த பொத்தான் அன்னைக்கு வரல. ஒரு கையில வேட்டி, ஒரு கையில பொத்தான், நான் இழுக்கறேன், அது மாட்டிக்கிச்சு. தூக்குன வேட்டி தூக்குனபடி நிக்கறேன். எங்க பெரியம்மா கண்ணப் பொத்திக்கிட்டா. ஊர்ல எவனோடயாச்சும் ஆகலையின்னாக் குடிகாரன் வேட்டியத் தூக்கிக் காட்டுவானே, அதத்தான் நான் பண்றேன்னு அத்தன பேரும் நெனச்சுட்டாங்க.

மாப்ளை பின்னாலிருந்து கைய முன்னால கொண்டாந்தாரு. அட்டைப்பெட்டி. உள்ள பட்டுத்துண்டு. கூடப்பொறந்தவளக் கட்டிக்கிட்ட மச்சானுக்குப் புது ஊட்டுல மொத மரியாதை பண்ணோணுமுன்னு வாங்கி வெச்சிருந்தாராமா. வீடியோக்காரனுக்காகத்தான் நகராதீங்கன்னது. அந்தப் பெட்டிய அப்படியே நாற்காலி மேல வெச்சாரு. உள்ள போயிட்டாரு. அழுதாருன்னு மயிலாத்தா சொன்னா. என்னால நம்ப முடியலீங்க. அவரு அழுது நான் பாத்ததே இல்ல, எங்க மாமனாரு போனப்பக்கூட என்னையப் புடிச்சுக்கிட்டு நின்னவரு. வீடியோக்காரன் இப்பவும் போன் பண்றான், அந்த எடத்த வீடியோவுல வெக்கறதா, எடுத்தர்றதான்னு.

எனக்கு அவரு மேல கோவம் இல்லாம இல்ல. ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன். அவரு எதுத்தாப்பல உக்காந்து நக்கலடிக்காம எனக்குச் சோறு எறங்கலீங்க. முப்பது வருசமாக் கூட உக்காந்து தின்ன ஆளு.

அதனால இன்னைக்குப் போயி என்ன சொல்லப் போறேன்னா, இதத்தான். 'மாப்ளை, நீங்க தப்பா நெனச்சுக்கிட்டீங்க. நான் உங்கள அவமானப்படுத்தறதுக்கு வேட்டியத் தூக்கல. அப்படிப்பட்டவன் இல்ல நான். உங்களச் சுடறதுக்குத்தான் தூக்குனேன்.'

எப்படிங்க இருக்குது? மரியாதையா இருக்குதில்ல? மாமன் மச்சான்ல சுட்டுக்கிட்டவங்க உண்டு, அதுக்கப்பறம் சேந்துக்கிட்டவங்களும் உண்டு. வேட்டியத் தூக்கிக் காட்டுனவனோட எவன் சேருவான்? துப்பாக்கிய எடுத்துக் கையில காட்டுனா நம்பீருவாரு. இதுக்குத்தான் தூக்குனேன், பாருங்கன்னு.

என்னங்க? எலெக்சன் நேரமாச்சேன்னா?

வெவரமானவருதான் நீங்க. ஆமா. எலெக்சன் அறிவிச்சா லைசென்சு வெச்சிருக்கறவங்க அத்தன பேரும் துப்பாக்கியக் கொண்டுபோயி ஸ்டேசன்ல ஒப்படைக்கோணும். ஓட்டு எண்ணி முடிக்கற வரைக்கும் அங்கதான் இருக்கும். நானும் பங்குனியிலயே குடுத்துட்டேன். ஒரு துணிப்பையில போட்டு, பேரெழுதுன சீட்டக் கட்டி உள்ள வெச்சாங்க.

அப்ப இது என்னன்னு கேப்பீங்க. கொஞ்சம் கிட்ட வாங்க. இது மரமுங்க.

ஒப்படைச்சுப்போட்டு ஊட்டுக்கு வந்தா இடுப்பு லேசாயிருச்சு. நடந்தா வலது காலு தூக்கிக்கிட்டுப் போகுது. ராத்திரி தூக்கம் வரல. அதவிட, மேடு இல்லீன்னா பங்காளிக கண்டுபுடிச்சுருவாங்க, நாச்சிமுத்து வெறும் ஆளாத்தான் திரியறான்னு. தண்டபாணி ஆசாரிகிட்டப் போயி அளவு சொன்னேன். தேக்குல செதுக்கி, உள்ளுக்குள்ள ஈயம் ஊத்தி, கறுப்பு மையடிச்சுக் குடுத்தான். எடை அச்சு அசலா அதேதான். நெசமாச் சொல்றேன், கடைக்காரரு காட்டுன அத்தனையவிட இதுதானுங்க நம்பிக்கையானது. சந்தனம் வெச்சாலும் ஒண்ணுமாகாது. ஸ்டேசன்ல ஒப்படைக்க வேண்டியதில்ல. ஆபத்து அவசரத்துக்குக் கூடவே இருக்கும்.

ஆமாங்க. பால் காச்சுன அன்னைக்கும் இதுதான் இருந்துச்சு.

அதாங்க எனக்கு இப்பக் கொழப்பம். உங்களச் சுடத்தான் வேட்டியத் தூக்குனேன்னு சொன்னா, எங்க துப்பாக்கின்னு கேப்பாரு. எடுத்துக் காட்டுனா மரம். மரத்த எடுக்கறதுக்கா மச்சான் வேட்டியத் தூக்குனீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது? வேட்டியத் தூக்குனது கேவலமா, மச்சினனச் சுடப் பாத்தது கேவலமா, மரத்தக் கட்டிக்கிட்டுத் திரியறது கேவலமா, நீங்களே சொல்லுங்க. படிச்சவராட்டத் தெரியறீங்க.

எதுவும் சொல்லாம, தப்புப் பண்ணிட்டேன், வாங்க மாப்ளைன்னு மட்டும் சொன்னாப் போதும்ங்கறீங்களா? அது எப்படிங்க முடியும். அப்பறம் இத்தன நாளு நான் துப்பாக்கி வெச்சிருந்ததுக்கு என்ன அர்த்தம்?

புங்கமரத்துப் பிரிவு வருதுங்களா? அதுக்குள்ளயா? இதா எறங்கறேன் கண்டக்டர் தம்பி, பத்திரமா நிறுத்துங்க.

யாருங்க அது, மரத்தடியில? எனக்கு எட்டத்துல சரியாத் தெரியாது. வெள்ளச் சட்டையா? அவருதான். மயிலாத்தா போன் பண்ணிச் சொல்லிப்போட்டா பாருங்க. எளைச்சுட்டாருங்க. ஏனுங்க, அந்த வலது கை எங்க? பின்னாலயா வெச்சிருக்கறாரு?

என்ற கை தானாப் போகுதுங்க. பாருங்க, கீழ போகுது. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குது. புடிச்சுக்கோங்க. வேண்டாம், கைய உடுங்க, நான் ஒண்ணு பண்றேன். இத இங்கயே எடுத்து உங்ககிட்டக் குடுத்துப்போட்டு வெறுங்கையோட எறங்கீர்றேன். பாக்கெட்டுல ஒண்ணும் இல்லீன்னா கை எதுக்குப் போகும்? நீங்க அந்தச் சன்னல மறைச்சுக்கிட்டு உக்காருங்க. ஒரே நிமிசம். வேட்டியத் தூக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க.

பொத்தான் வரலீங்க. ஏ தம்பி, விசில் அடிக்காத, எறங்கற ஆளு இருக்குதில்ல. வர மாட்டேங்குது. நீங்க எதுக்கு இப்ப நகர்றீங்க? சன்னல மறைக்கச் சொன்னனே.

பாத்துட்டாருங்க. சன்னல்கிட்டயே வந்து நிக்கறாரு. ரெண்டாந்தடவையும் அவரு கண்ணு முன்னால வேட்டியத் தூக்கிக்கிட்டு நிக்கறேன். முடிஞ்சுது. எம்புள்ள கண்ணாலம் முடிஞ்சுது.

என்னங்க சொல்றாரு? எனக்குக் காது அடைக்குது. 'அன்னைக்கும் இந்தப் பொத்தாந்தானுங்களா மச்சான்?' ங்கறாரா?

ஆமா மாப்ளை. இந்தப் பொத்தாந்தான். இது ஒண்ணுதான். வேற ஒண்ணுமில்ல மாப்ளை, உங்க மேல ஆணை.

'மேல தூக்கி எடது பக்கமாத் திருப்புங்க, அந்த டெய்லர் எப்பவும் ஓட்டையச் சின்னதா வெட்டிப்போடுவான், எனக்கும் அவந்தான் தெக்கறான்'ங்கறாரு. தூக்கி, எடது பக்கமா. வந்துருச்சுங்க. வந்துருச்சு மாப்ளை.

மரமான்னு கேக்கறாரு. ஆமா, தேக்கு. ஆசாரி பண்ணுனது. சிரிக்கறாருங்க, பாத்தீங்களா? சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறாரு. சிரிக்கட்டும், எம்மாம் வேணாலும் சிரிக்கட்டும். பின்னால அட்டைப்பெட்டிதானுங்க. அதே பெட்டி, இன்னும் பிரிக்கல. எனக்குக் கண்ணு நெறஞ்சு படி தெரிய மாட்டேங்குது. அந்த மஞ்சப்பைய எடுத்துக் குடுங்க. இத நீங்க வெச்சுக்கோங்க, எனக்கு வேண்டாம். பாத்துங்க, ஈயம் ஊத்துனது, காலு மேல போட்டுக்காதீங்க.

எறங்கீட்டேன் தம்பி, எறங்கீட்டேன்.

'எங்கக்கா வரலீங்களா மச்சான்? தனியாவா வந்தீங்க?'ன்னு கேக்கறாரு.

ஆமா மாப்ளை. தனியாத்தான் வந்தேன்.

ஏனுங்க, பஸ்ஸு நகர்ற வரைக்கும் நீங்க அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கோங்க. நாம பேச்சுத் தொணையா வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம்.